பாரசீகத்தின் பணச் சொற்கள்

பாரசீக மொழியைப் பயிலத் தொடங்கும் மாணவனுக்கு அம்மொழியின் இலக்கணம் அதிகத் தொல்லை தருவதில்லை. அவனைத் திகைக்க வைப்பது ஈரானியக் கடைவீதியின் விலைப் பேச்சே ஆகும். சட்டத்தின்படி அந்நாட்டின் நாணயம் ரியால். வங்கிக் கணக்கிலும் ரியாலே எழுதப்படுகிறது. ஆனால் கடைக்காரரின் வாயிலிருந்து வருவதோ தோமான்! ஒரு தோமான் என்பது பத்து ரியால். சட்டத்தில் இல்லாத ஒரு நாணயத்தைக் கொண்டு ஒரு நாடு முழுவதும் அன்றாடம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறது. ஒரு சுழியத்தை மனத்துக்குள்ளேயே கூட்டியும் குறைத்தும் பழகாதவன் அங்கே ஒரு ரொட்டிகூட வாங்க இயலாது.

இந்தத் தோமானுக்கு ஒரு வரலாறு உண்டு. துருக்கியரும் மங்கோலியரும் பத்தாயிரம் என்ற எண்ணுக்கு வழங்கிய சொல் அது. பத்தாயிரம் குதிரை வீரர் கொண்ட படைப்பிரிவுக்கு மங்கோலியர் இட்ட பெயரும் அதுவே. அவர்கள் ஈரானை வென்று ஆண்டபோது பத்தாயிரம் தீனார் கொண்ட கணக்குத் தொகையையும் அப்பெயராலேயே அழைத்தனர். படையெடுத்து வந்தவர்கள் போயினர், பேரரசும் போயிற்று. அவர்களது படையணியின் பெயர் மட்டும் எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் காய்கறிக் கடையில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

ரியால் மட்டும் உள்ளூர்ச் சரக்கா என்றால் அதுவும் இல்லை. ஸ்பெயின் நாட்டு வெள்ளி நாணயமான ‘ரெயால்’ என்பதன் பெயரே கடல் வழியாகக் கிழக்கே வந்து ரியால் ஆயிற்று. ஈரானில் 1798 வாக்கில் ஒருமுறை தலைகாட்டி மறைந்த இந்நாணயம் 1932 முதல் நிலைபெற்றது. தீனார் ரோமானியரின் ‘தெனாரியஸ்’. திர்ஹம் கிரேக்கரின் ‘திராக்மா’. இவ்விரு சொற்களும் திருக்குர்ஆனிலேயே இடம்பெற்றுள்ளன என்பதை நம்மவர் அறிவர். தீனார் ஆலு இம்ரான் அத்தியாயத்திலும், திர்ஹம் பன்மை வடிவில் யூசுஃப் அத்தியாயத்திலும் வருகின்றன. பணம் என்பதற்குப் பாரசீகத்தில் பொதுச் சொல்லாக வழங்கும் ‘பூல்’ என்பதும் ‘ஓபலஸ்’ என்னும் கிரேக்கச் சிறுகாசின் பெயரிலிருந்து வந்ததென்றே அறிஞர் கூறுவர். நம் முன்னோர் கதைகளில் ‘அஷ்ரஃபி’ எனக் கேட்டிருக்கும் பொற்காசு, எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் அல்-அஷ்ரஃப் பர்ஸ்பாய் 1425-இல் வெளியிட்ட தீனாரால் பெயர் பெற்றது. பணத்தாளைக் குறிக்கும் ‘எஸ்கெனாஸ்’ என்பதோ ரஷ்யர் வழியாக வந்தது. அதன் மூலம் பிரெஞ்சு மொழி.

ஆக, பாரசீகர் தம் பணப்பையில் சுமந்த பெயர்களிற் பெரும்பாலானவை பிறர் வீட்டுப் பெயர்கள். இதை எண்ணி அவர்களைக் குறைவாக மதிப்பிட்டுவிடக் கூடாது. காசின் பெயரை அவர்கள் கடன் வாங்கினார்கள்; காசை எண்ணுவது, எழுதுவது, ஒருவரிடம் நம்பி ஒப்படைப்பது, ஓர் ஊரில் கொடுத்து மற்றோர் ஊரில் வாங்குவது ஆகிய வேலைகளுக்குரிய சொற்களையும் முறைகளையும் அவர்களே பிறருக்குக் கொடுத்தார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலைத் தொடர்ந்து சென்றால், ஒரு நாட்டின் கணக்கேடு யார் கையில் இருந்தது என்னும் கதையும் உடன் வரும்.

அதன் முதல் அத்தியாயம் கலீபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் தொடங்குகிறது. வெற்றிகள் பெருகிப் பொதுக் கருவூலத்துக்குப் பெருஞ்செல்வம் வந்து குவிந்தபோது, யாருக்கு எவ்வளவு என்று பதிவு செய்ய ஓர் ஏடு தேவைப்பட்டது. ஹிஜ்ரி 20-ஆம் ஆண்டளவில் அவர்கள் ஏற்படுத்திய அந்தப் பதிவேட்டுக்கு வழங்கிய ‘தீவான்’ என்ற பெயர் பாரசீகச் சொல். பெயர் மட்டுமன்று, இராக்கிலும் ஈரானிலும் வரிக் கணக்கு எழுதிய கைகளும் பாரசீகரின் கைகளே. எழுதிய மொழியும் பழைய பாரசீகமே. நாணயமும் அவ்வாறே பழையபடி இருந்தது. ஸாஸானிய மன்னனின் உருவமும், பின்புறத்தில் நெருப்புக் குண்டமும் பொறித்த வெள்ளிக் காசின் ஓரத்தில் அரபு எழுத்தில் ‘பிஸ்மில்லாஹ்’ என்று சேர்த்து, அதையே முஸ்லிம்கள் அரை நூற்றாண்டுக் காலம் செலாவணி செய்தனர். கலீபா அப்துல் மலிக் காலத்தில் ஹிஜ்ரி 77-இல் பொற்காசும் 79-இல் வெள்ளிக் காசும் உருவமின்றி, எழுத்து மட்டுமே கொண்டனவாக வெளிவந்தன.

ஏட்டை மாற்றுவது காசை மாற்றுவதைவிடக் கடினமாக இருந்தது. இதுபற்றி வரலாற்றாசிரியர் பலாதுரி பதிந்துள்ள நிகழ்ச்சி பலமுறை நினைக்கத்தக்கது. இராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜிடம் தலைமைக் கணக்கராக இருந்தவர் ஸாதான் ஃபர்ருஹ் என்னும் பாரசீகர். அவரிடம் பணியாற்றிய ஸாலிஹ் இப்னு அப்துர் ரஹ்மான் சிஜிஸ்தானிலிருந்து சிறைப்பட்டு வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். இரு மொழியிலும் எழுத வல்லவர். கணக்கு முழுவதையும் அரபியிலேயே எழுதிவிட முடியும் என்று அவர் கூற, ஹஜ்ஜாஜ் அப்பணியை அவரிடமே ஒப்படைத்தார். ஸாதான் ஃபர்ருஹின் மகன் மர்தான்ஷா திகைத்துப் போனார். பத்தில் ஒன்று முதலான பின்னங்களை அரபியில் எப்படி எழுதுவாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஸாலிஹ் அரபுச் சொல் வைத்திருந்தார். முடியாது என்று ஆளுநரிடம் சொல்லிவிடு, நூறாயிரம் திர்ஹம் தருகிறோம் என்று பாரசீகக் கணக்கர்கள் ஆசை காட்டினர். ஸாலிஹ் இணங்கவில்லை. பாரசீகத்தின் வேரை நீ அறுத்தது போல் உன் வேரும் அறுபடட்டும் என்று மர்தான்ஷா சபித்தார்.

அந்தக் கோபம் மொழிப்பற்றால் மட்டும் எழுந்ததன்று. கணக்கு மொழி தெரிந்தவனிடமே கருவூலத்தின் சாவி இருக்கிறது. ஒரு பின்னத்துக்கு வேற்றுமொழியில் பெயர் கிடைத்த அன்றே ஒரு பரம்பரை தன் உத்தியோகத்தை இழக்கிறது. நூறாயிரம் திர்ஹம் கொடுத்தாவது ஒரு சொல்லாக்கத்தைத் தடுக்க அவர்கள் முனைந்ததன் காரணம் இதுதான்.

ஆயினும் வேர் முழுவதும் அறுபடவில்லை. அப்பாஸியர் காலத்தில் பக்தாதின் அரசவைப் பணக்காப்பாளருக்கு ‘ஜஹ்பத்’ என்று பெயர். இது அரபுத் தோற்றம் பூண்ட பாரசீகச் சொல். கலீபா முக்ததிர் காலத்தில் (கி.பி. 908–932) யூசுஃப் இப்னு ஃபின்ஹாஸ், ஹாரூன் இப்னு இம்ரான் என்ற இரு யூத ஜஹ்பதுகள் அரசாங்கத்துக்கே கடன் கொடுத்தனர். அஹ்வாஸ் பகுதியின் வரி வந்து சேர்வதற்கு முன்பே, அதை ஈடாகக் கொண்டு, படைவீரர்க்குச் சம்பளம் கொடுக்கப் பணம் தந்தவர்கள் அவர்கள்.

தொலைவிலுள்ள மாகாணத்தின் வரிப்பணம் மூட்டை மூட்டையாக ஒட்டகத்தின் முதுகில் வரவேண்டியதில்லை. ‘ஸுஃப்தஜா’ என்னும் ஓலை வந்தால் போதும். இதுவும் பாரசீகச் சொல்லே. ஓர் ஊரில் ஒருவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, அவர் எழுதித் தரும் சீட்டை மற்றோர் ஊரில் அவருடைய கூட்டாளியிடம் காட்டிப் பணம் பெறுவது ஸுஃப்தஜா. வழிப்பறிக்கு அஞ்சிய வணிகருக்கு இதைவிட நல்ல காவல் வேறில்லை. மார்க்கச் சட்ட அறிஞர்கள் இதனை எளிதில் விட்டுவிடவில்லை. கடன் கொடுத்தவன் அதனால் ஓர் ஆதாயம் அடையலாகாது. இங்கோ பணத்தைக் கொடுப்பவன் வழியச்சத்திலிருந்து தப்புகிறானே, இது ஆதாயமன்றோ என்று ஹனஃபி அறிஞர்கள் தயங்கி, இதனை வெறுக்கத்தக்கது என்றனர். மறுபுறம், அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் மக்காவில் மக்களிடம் திர்ஹங்களைப் பெற்றுக்கொண்டு, இராக்கிலிருந்த தம் சகோதரர் முஸ்அபுக்கு எழுதி அனுப்ப, அவர்கள் அங்கே பெற்றுக்கொண்டார்கள் என்ற செய்தியும் சட்ட நூல்களில் எடுத்துக்காட்டப்படுகிறது. வழியின் ஆபத்திலிருந்து விடுதலை என்னும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக்கூட ஆதாயக் கணக்கில் வைத்து எண்ணிப் பார்த்த நுட்பம் வியக்கத்தக்கது. அந்தப் பழஞ்சொல் இன்றும் அழியவில்லை. தெஹ்ரானில் வங்கிக் கடனுக்குப் பிணையாகக் கேட்கப்படும் கடனுறுதிச் சீட்டின் பெயர் ‘ஸஃப்தே’!

இவையெல்லாம் ஏட்டளவில் நின்றவையா, நடைமுறையில் இருந்தவையா என்று ஐயுறுவோர் நாஸிர் குஸ்ரோவின் பயணக் குறிப்பைப் பார்க்கவேண்டும். குபாதியானில் 1004-இல் பிறந்த இப்பாரசீகக் கவிஞர் முதலில் வரிக் கணக்கராயிருந்தவர். பணம் பற்றிய கண் அவருக்கு இயல்பாகவே உண்டு. ஏழாண்டுப் பயணத்தில் அவர் கி.பி. 1051-இல் பஸ்ராவை அடைந்தபோது அங்கே கண்டதை வியப்போடு எழுதுகிறார். பொருள் வைத்திருந்தோர் அதனைச் சர்ராஃபிடம் ஒப்படைத்து ஒரு சீட்டுப் பெற்றுக்கொள்வர். பிறகு வேண்டியவற்றையெல்லாம் வாங்கி, விலையைச் சர்ராஃபின் பேரில் எழுதிவிடுவர். ஊரில் இருக்கும்வரை சர்ராஃபின் சீட்டைத் தவிர வேறெதையும் கையால் தொடுவதில்லை. இத்தனை அழகாக எழுதியவர் அவ்வூருக்குள் நுழைந்தபோது கையில் காசில்லாமல், கந்தலுடுத்து, ஒட்டகக்காரனுக்கு முப்பது தீனார் கடன்பட்டிருந்தார் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். குளிக்கச் சென்ற பொதுக் குளியலகத்தில் பைத்தியக்காரர் என்று எண்ணி அவரைத் துரத்திவிட்டார்களாம்.

இதற்கு முன் செங்கடற்கரையில் அய்தாப் துறைமுகத்தில் காற்றுக்காக மூன்று மாதம் காத்திருந்தபோதும் கையிருப்புத் தீர்ந்துபோயிற்று. அஸ்வானில் அவருக்கு நண்பரான ஒருவர் அய்தாபிலுள்ள தம் முகவருக்கு ஒரு கடிதம் கொடுத்திருந்தார். நாஸிர் கேட்பதைக் கொடுத்து எழுத்து வாங்கிக்கொள்க என்பதே அதன் சாரம். அந்தக் கடிதத்தின் பேரில் அவர் நூறு மன் மாவு பெற்றார். முன்பின் அறியாத ஊரில், முகமறியாத ஒருவர், ஒரு துண்டுத் தாளைப் பார்த்து மாவு அளந்து கொடுக்கிறார். வங்கி என்ற சொல்லே பிறவாத காலம் அது. மறு ஆண்டு இஸ்ஃபஹான் நகரில் இருநூறு சர்ராஃபுகள் அமர்ந்திருந்த கடைத்தெரு ஒன்றையும் அவர் கண்டார்.

சர்ராஃபின் அந்தச் சீட்டுக்கு அரபியில் ‘ஸக்’ என்றும், அதன் மூலமான பாரசீகத்தில் ‘சக்’ என்றும் பெயர். ஐரோப்பியரின் ‘செக்’ இதிலிருந்தே வந்தது என்று நம் மேடைகளில் அடிக்கடி பெருமையுடன் கூறப்படுகிறது. மொழியாராய்ச்சியாளர் பலர் இதனை ஏற்பதில்லை. சதுரங்கத்தில் அரசனுக்கு நெருக்கடி வரும்போது கூவும் ‘ஷாஹ்’ என்ற பாரசீகச் சொல்லே பிரெஞ்சு வழியாகத் திரிந்து, தடுத்துச் சரிபார்த்தல் என்னும் பொருள் பெற்று, பின் வங்கிச் சீட்டின் பெயராயிற்று என்பது அவர்கள் முடிவு. எப்படிப் பார்த்தாலும் சொல் பாரசீக வீட்டுப் பிள்ளைதான். வேடிக்கை என்னவெனில், ஈரானியர் தம் பழைய சொல்லை மறந்துபோய், பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பின் ‘செக்’ என்று ஐரோப்பாவிலிருந்தே அதைத் திரும்பப் பெற்றனர்.

‘பராத்’ என்றொரு சொல்லும் உண்டு. நம் இல்லங்களில் பராஅத் இரவு என்று வழங்குவதில் உள்ள அதே அரபுச் சொல்; விடுபடுதல், பொறுப்பு நீங்குதல் என்பது பொருள். கடன் தீர்ந்ததற்கான சீட்டு என்ற பொருளிலிருந்து, கருவூலத்தின் மீது எழுதும் பண ஆணை என்ற பொருளுக்கு அது நகர்ந்தது. மங்கோலிய ஆட்சியில் இந்தப் பராத்துகள் குடிமக்களுக்குப் பெருந்துயர் ஆயின. ஊதியம் கேட்டவர்க்கெல்லாம் ஏதோ ஒரு மாகாணத்தின் பேரில் பராத் எழுதித் தள்ளிவிட, அங்கே கருவூலம் காலியாயிருக்க, சீட்டைப் பிடித்தவர்கள் குடியானவன் வீட்டில் புகுந்து வசூலித்தனர். இஸ்லாத்தைத் தழுவிய காஸான் கான் (1295–1304) இதைச் சீர்திருத்தியதை அவருடைய அமைச்சர் ரஷீதுத்தீன் விரிவாக எழுதியிருக்கிறார். அதற்குச் சற்று முன்னர் 1294-இல் கைகாத்து கான், சீனத்தைப் பார்த்துத் தப்ரீஸ் நகரில் ‘சாவ்’ என்ற பெயரில் காகிதப் பணம் அச்சிட்டான். கலிமாவும் சீன எழுத்தும் ஒருங்கே பொறித்த அத்தாளை ஏற்க மறுத்தால் தலை போகும் என்றும் அறிவித்தான். வணிகர் கடைகளை மூடினர். நகரில் உணவு கிடைக்கவில்லை. இரண்டு மாதத்துக்குள் அத்திட்டம் கைவிடப்பட்டது. அஸ்வான் நண்பரின் கடிதத்துக்கு மாவு கிடைத்தது. கானின் கட்டளைக்குக் கிடைக்கவில்லை.

பாரசீகத்தின் இப்பணச் சொற்கள் நம் கரைக்கும் வந்தன. தென் ஈரானிலுள்ள லார் நகரின் பெயரால் ‘லாரின்’ எனப்பட்ட வெள்ளிக் காசு, வட்டமாக இல்லாமல், கம்பியை மடித்து முத்திரையிட்டதாக இருக்கும். ஹோர்முஸ் வழியே பரவிய அது இலங்கையில் தூண்டில்முள் போல் வளைந்து செலாவணியாயிற்று. மாலத்தீவில் இன்றும் ஒரு ருஃபியாவின் நூற்றில் ஒரு பங்கு ‘லாரி’தான். ஆர்க்காட்டு நவாபுகளின் அலுவலக மொழி பாரசீகமாக இருந்தமையால் கஜானா, வசூல், பாக்கி, கிஸ்தி, ஜாமீன், குமாஸ்தா ஆகியவை தமிழில் நிலைத்தன. இவற்றுட் சில அரபு மூலம் உடையவை. ஆயினும் பாரசீகத்தின் கைப்பட்டே நம்மிடம் வந்தன. ‘ரசீது’ முழுப் பாரசீகம். ‘வந்து சேர்ந்தது’ என்னும் வினைச்சொல் அது. அசலும் வட்டியும் என்று நாம் சேர்த்துச் சொல்லும் இணையில் அசல் அவ்வழி வந்தது. வட்டி மட்டும் முன்பே நம்மிடம் இருந்தது.

இனி வங்கியின் கதைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈரானின் பணத்தொழில் சர்ராஃபுகளின் கையில் இருந்தது. அவர்களுள் தலைசிறந்தவர் ஹாஜி முஹம்மது ஹஸன் அமீனுஸ் ஸர்பு. நாணயச்சாலையின் பொறுப்பை ஏற்றிருந்ததால் இப்பட்டப் பெயர் பெற்றவர். ஈரானியரின் முதலீட்டில் ஒரு வங்கி அமைக்க வேண்டும் என்று அவர் 1879-இலேயே நாஸிருத்தீன் ஷாவுக்கு யோசனை கூறினார். ஷாவோ 1889-இல் அறுபதாண்டுக் கால உரிமையை பாரன் ஜூலியஸ் டி ராய்ட்டர் என்பவருக்கு வழங்கினார். அவ்வாறு தோன்றிய பிரிட்டிஷ் வங்கிக்குப் பாரசீகத்தில் ‘பாங்கே ஷாஹி’, அரச வங்கி, என்று பெயர்! பணத்தாள் வெளியிடும் தனியுரிமையும் அதற்கே. நாஸிருத்தீன் ஷாவின் முகம் பொறித்த அத்தாள்களில் ஊரின் பெயரும் அச்சிடப்பட்டிருக்கும். தெஹ்ரான் தாளுக்குத் தெஹ்ரானில்தான் வெள்ளி கிடைக்கும். தப்ரீஸுக்குக் கொண்டு சென்றால் கழிவு கொடுத்தே மாற்ற வேண்டும். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அஸ்வானில் எழுதிய கடிதம் அய்தாபில் செல்லுபடியாயிற்றே என்று வரலாறு படித்தவன் பெருமூச்செறியலாம்.

அடுத்து நேர்ந்தது இன்னும் கசப்பானது. 1890-இல் புகையிலை முழுவதையும் ஓர் ஆங்கிலேயருக்கு ஷா குத்தகைக்கு விட்டார். மீர்ஸா ஷீராஸியின் பெயரால் வந்த மார்க்கத் தீர்ப்பை ஏற்று நாடே புகைப்பதை நிறுத்தியது. 1892-இல் குத்தகை நீக்கப்பட்டது. இவ்வெற்றியை நாம் பலமுறை எழுதிப் பெருமைப்பட்டிருக்கிறோம். அதற்குக் கொடுத்த விலையை எழுதியவர் குறைவு. குத்தகைக் கம்பெனிக்கு நட்டஈடாகத் தரவேண்டிய ஐந்து இலட்சம் பவுனை ஷா அந்த அரச வங்கியிடமே ஆறு விழுக்காடு வட்டிக்குக் கடன் வாங்கினார். வளைகுடாத் துறைமுகங்களின் சுங்க வருவாய் ஈடாக வைக்கப்பட்டது. ஈரானின் முதல் வெளிநாட்டுக் கடன் இதுவே. ‘கர்ஸ்’ என்ற சொல் வீட்டுக் கணக்கிலிருந்து நாட்டுக் கணக்குக்கு ஏறியது அன்றுதான்.

ஆகவே 1906-இல் கூடிய முதல் மஜ்லிஸின் முன் புதியதொரு கடன் வந்தபோது உறுப்பினர்கள் மறுத்தனர். பிரிட்டனும் ரஷ்யாவும் சேர்ந்து தருவதாகச் சொன்ன கடன் அது. அந்நியன் பணம் வேண்டாம், ‘பாங்கே மில்லி’ வேண்டும், அதாவது மக்களின் வங்கி வேண்டும் என்ற குரல் எழுந்தது. வணிகர்கள் தொகை எழுதினர். பெண்கள் தம் காதணிகளையும் வளையல்களையும் கழற்றிக் கொடுத்தனர். கணவனுக்கும் தந்தைக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லாத சொத்து பெண்ணுக்கு அவளுடைய நகை. வங்கி என்றால் இன்னதென்று அறிந்திராத பெண்கள் அதைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆனால் அந்த வங்கி அன்று உருவாகவில்லை. உள்நாட்டுக் குழப்பமும் இரு வல்லரசுகளின் நெருக்கடியும் அதை அமிழ்த்திவிட்டன. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து 1928-இல்தான் அதே பெயரில் வங்கி திறக்கப்பட்டது. பணத்தாள் வெளியிடும் உரிமையை அரசு 1930-இல் இரண்டு இலட்சம் பவுன் கொடுத்துப் பிரிட்டிஷ் வங்கியிடமிருந்து மீட்டது. தன் நாட்டில் தன் பணத்தை அச்சிடும் உரிமையை ஓர் அரசு விலை கொடுத்து வாங்கவேண்டியிருந்தது!

சொந்த வங்கி வந்தபின் சொந்தச் சொற்களும் வேண்டுமல்லவா? ‘பாங்க்’ ஐரோப்பியச் சொல்லாகவே தங்கிவிட்டது. ஆனால் அதன் உள்ளே புழங்கும் சொற்களில் பல தூய பாரசீகத்தில் அமைந்தன. 1935-இல் நிறுவப்பெற்ற மொழிக் கழகத்தின் காலத்தில் இப்போக்கு வலுத்தது. சேமிப்புக்குப் ‘பஸ் அந்தாஸ்’, பின்னே போட்டுவைப்பது. வைப்புத் தொகைக்குச் ‘ஸெபொர்தெ’, ஒப்படைத்தது. கடன்பட்டவர் ‘பெதெஹ்கார்’, கடன் வரவேண்டியவர் ‘பெஸ்தான்கார்’. முன்னதில் ‘கொடு’ என்ற ஏவலும் பின்னதில் ‘வாங்கு’ என்ற ஏவலும் ஒளிந்திருக்கின்றன. மாணவன் இவ்விரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டால் ஒரு நொடியில் கடன்காரன் ஆகிவிடுவான். அண்மையில் வந்த பணம் வழங்கும் தானியங்கிக்கும் ‘ஹோத்பர்தாஸ்’, தானே கொடுப்பது, என்று இனிய பெயர் சூட்டியிருக்கிறார்கள். பணம் அனுப்புவதற்கு ‘ஹவாலே’ என்பது அங்கே எந்த வங்கியிலும் கூச்சமின்றி உச்சரிக்கும் சொல். மார்க்கச் சட்டத்தில் தனி அத்தியாயம் பெற்ற ஒப்பந்தம் அது. நம் செய்தித்தாள்களில் அதே சொல் கள்ளப்பணத்தின் பெயராகிக் காவல் நிலையத்தில் நிற்கிறது.

இவற்றையெல்லாம்விடக் கவனமாகக் கற்க வேண்டிய சொல் ‘ஸூத்’. உருது அறிந்த நம்மவர்க்கு ஸூத் என்றால் வட்டி. கேட்டமாத்திரத்தில் ஹராம் என்ற எண்ணம் எழும். பாரசீகத்தில் ஸூத் என்றால் நன்மை, ஆதாயம், இலாபம். நேர்மையான வணிகனின் இலாபமும் ஸூத்தே. வங்கி வட்டியைக் குறிக்க அங்கே ‘பஹ்ரெ’ என்ற வேறு சொல் வழங்கியது. பங்கு, பயன் என்பது அதன் அடிப்படைப் பொருள். குர்ஆன் தடுத்த ‘ரிபா’ என்ற சொல்லை எந்த வங்கியும் தன் பலகையில் எழுதுவதில்லை. ஆக ஒரே பொருளைச் சுற்றி மூன்று சொற்கள் நின்றன. எந்தச் சொல்லால் அழைப்பது என்பதிலேயே பாதித் தீர்ப்பு அடங்கியிருந்தது.

புரட்சிக்குப் பின் 1983-இல் ‘ரிபா இல்லா வங்கி நடைமுறை’ச் சட்டம் நிறைவேறி, மறு ஆண்டு மார்ச் முதல் செயலுக்கு வந்தது. பஹ்ரெ நீங்கிற்று. அதனிடத்தில் முளாரபா, கூட்டு முதலீடு, தவணை விற்பனை, குத்தகை ஆகிய பழைய மார்க்க ஒப்பந்தங்கள் வந்தன. கடன் என்ற சொல்லுக்குப் பதிலாகத் ‘தஸ்ஹீலாத்’, அதாவது எளிதாக்கும் உதவிகள், என்று எழுதலாயினர். வைப்புத் தொகைக்குத் தருவது ‘ஸூதே அலல் ஹிஸாப்’. கணக்கு முடியும்வரை முன்பணமாகத் தரும் இலாபம் என்பது இதன் பொருள். ஆண்டு முடிவில் உண்மையான இலாபத்தைக் கணக்கிட்டுக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டத்தின் கருத்து. நடைமுறையிலோ முன்னரே அறிவித்த விழுக்காடு மாறாமல் வருவதே வழக்கமாயிற்று. குறிப்பிட்ட தொகைக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட விழுக்காடு என்றால் அதற்கும் பஹ்ரேக்கும் என்ன வேற்றுமை என்று ஈரானியப் பொருளியலாளரும் மார்க்க அறிஞரும் கேட்டுவருகின்றனர். இக்கேள்வியைப் பகைவர் கேள்வி என்று ஒதுக்குவது நேர்மையாகாது. ரிபாவை நீக்க வேண்டும் என்று மனமார விரும்பியவர்களே இதை எழுப்பினார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அழகிய கடன் எனப்படும் ‘கர்ஸுல் ஹஸனே’ நிதிகள் சட்டத்துக்கு முன்பே மக்களிடையே தோன்றியவை. 1969-இல் தெஹ்ரானில் ஒரு பள்ளிவாசலைச் சார்ந்து அத்தகைய நிதி தொடங்கிற்று. கடைத்தெரு வணிகர்கள் தம் பணத்தைப் போட்டுவைக்க, திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் ஏழைகள் வாங்கித் தவணையில் திருப்பித் தந்தனர். நாஸிர் குஸ்ரோ கண்ட சர்ராஃபின் சீட்டுக்கு நெருங்கிய உறவினரைத் தேடினால் பெரிய வங்கிகளில் அன்று, இந்தச் சிறு நிதிகளில்தான் காணலாம். இவற்றில் வாங்கும் கட்டணத்துக்குக் ‘கார்மொஸ்த்’, வேலைக்கூலி, என்று பெயர். தாளுக்கும் மைக்கும் எழுதுபவர் சம்பளத்துக்கும் ஆன செலவு எவ்வளவோ அவ்வளவு மட்டும் வாங்கினால் அது கூலிதான். கடன் தொகை பெருகப் பெருகக் கூலியும் விழுக்காட்டில் பெருகுமானால், பெரிய தொகையை எழுத அதிக மையா செலவாகிறது என்று கேட்கத் தோன்றும்.

இன்று தெஹ்ரானில் கடன் வாங்குபவர் கையொப்பமிடும் ஒப்பந்தத்தில் ‘வஜ்ஹே எல்தெஸாம்’ என்றொரு வரி இருக்கும். தவணை தவறினால் செலுத்த ஒப்புக்கொள்ளும் தொகை அது. தாமதம் நீள நீள அதுவும் வளரும். முன்கூட்டியே ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்ட நிபந்தனையாதலால் இது ரிபா ஆகாது என்று வங்கிகள் சொல்கின்றன. மூத்த மார்க்க அறிஞர் பலர் அதனை ரிபா என்றே வெளிப்படையாகக் கண்டித்துள்ளனர். வழக்கு இன்னும் முடியவில்லை.